கடையின் பெயர் உங்கள் பெயரில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே வெளிநாட்டில் உங்கள் உடம்புக்கும் குறை ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். மாப்பிள்ளை என்று போடலாமா கூடாதா என்று சற்று யோசித்தேன். வேறு எப்படித் தொடங்கினாலும் மின்சார அலுவலகத்துக்கு மனு எழுதுவது போல் இருந்தது. உங்கள் இருவர் விவகாரம் முடிகிறவரை இதுவே இருக்கட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் கடையின் வெப்சைட் முகவரி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. எங்களுக்கே போன வாரம்தான் நிச்சயமாகத் தெரிந்தது. அதை என் மகள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். அடுத்த மாதம் அதன் தவணை முடிகிறது. அதற்குள் யாரும் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் அந்தப் பெயர் யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாமாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சக்கர நாற்காலிக் கடை போட்டிருப்பவர் அதற்காகவே காத்திருக்கிறார் என்று கேள்வி. வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்த அன்று நோயாளிக் கட்டிலை வாடகைக்குத் தேடி யாரும் கடை கடையாக ஏறி இறங்க மாட்டார்கள், போனில் தேடிக் கிடைத்த இடத்தைக் கூப்பிடுவார்கள் என்று எனக்கு எடுத்துச் சொன்னதே நீங்கள்தான். சொன்னபடியே ஆகிவிட்டது. இப்போது வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். கடை முழுக்க அவள் பொறுப்பில் இருக்கிறது. அது போனால் அவள் பிழைப்பு போகும்.

இதற்கு நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பூசி மெழுகாமல் எழுதிவிடுங்கள். நானும் பேரம் பேச மாட்டேன்.

ஏன் இவ்வளவு கறாராக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். பட்ட பாடு அப்படி. நீங்கள் செய்துகொடுத்த வெப்சைட் பழசாகிவிட்டது. போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல் தெரிந்தது. புதிதாகச் செய்யலாம் என்று என் மகள் நாலு பேரிடம் விசாரித்தாள். மூன்று பேர் ஏறக்குறைய ஒரே விலை சொன்னார்கள். நாலாமவர் அதில் பாதிக்கு முடித்துத் தருகிறேன் என்றார். பாதி விலைக்குக் கட்டில் கிடைத்தால் நான் குனிந்து கால்களை எண்ணிப் பார்ப்பேன். வெப்சைட்டுக்கு எங்கே குனிவது என்று தெரியவில்லை. சிரித்த முகம், மரியாதையான பேச்சு. நம் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: வெப்சைட், முழுவதும், இவ்வளவு. அந்த முழுவதும் என்பதற்குள் என்னென்ன அடக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வேலை தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் குட்டி போட ஆரம்பித்தது. போனில் சரியாகத் தெரிய வேண்டும் என்றோம், அது தனி என்றார். படங்களுக்கு என்ன செய்வது என்றோம், அது தனி என்றார். சரி, நாங்களே எடுத்துத் தருகிறோம் என்று நம் கடை வண்டிக்காரரைக் கட்டிலில் படுக்க வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தோம். எடுப்பது உங்கள் வேலை, ஏற்றுவது தனி என்றார். வாடகை விவரத்தில் ஒரு வரியை மாற்றச் சொன்னபோது, வேலை முடிந்து ஒப்படைத்த பிறகு எதைத் தொட்டாலும் தனி என்றார். எங்கே ஒப்படைத்தார் என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அவருக்கு அதுதனி என்றே பெயர் வைத்துவிட்டோம். ஒருநாள் வண்டிக்காரர் வாய் தவறி அவர் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டார். நல்லவேளை, மனிதருக்கு உறைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று செய்தார். புதிய வெப்சைட்டைத் தற்காலிகமாக வேறொரு முகவரியில் ஏற்றி, திறந்ததும் பெரிய எழுத்தில், மினுமினுவென்று, மீண்டும் வருக என்று போட்டுவிட்டார். நம் கடையில் அந்த வார்த்தையை யாராவது சொல்வார்களா? கட்டிலைத் திருப்பித் தர ஏற்பாடு செய்வதற்காக ஒரு வீட்டிலிருந்து, ரசீதில் நாங்கள் எழுதித் தந்த அந்த முகவரியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அப்பாவை எடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் மகன் போனில் என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இது எங்களைக் கூப்பிடுவதா, அப்பாவைக் கூப்பிடுவதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். உடனே எடுங்கள் என்று அதுதனியைக் கூப்பிட்டுச் சொன்னேன். எடுப்பதும் தனிதானாம்.

நான் ஆயுசு முழுக்க வாடகைக்கு விட்டே வாழ்ந்தவள். கட்டிலோடு மெத்தை சேர்த்தியா, மாடியேற்றும் கூலி யார் தலையில், சக்கரம் உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் கட்டிலைத் தொடவே விடுவேன். எனக்கே இந்தக் கதி. கணக்குப் பார்த்தால், அதிகமாகச் சொன்ன மூவரையும் அதுதனி எப்போதோ தாண்டிப் போய்விட்டார். கடைசியில் புதிய வெப்சைட்டைப் பழைய முகவரியில் பொருத்த முடியவில்லை என்று கையை விரித்தார். முகவரி உங்கள் பிடியில் இருக்கிறதாம். நல்ல சமயம் பார்த்துக் கழுத்தில் கை வைப்பீர்களாம். அவரோடு கணக்கை முடித்து அனுப்பிவிட்டோம். ஆனால் அவர் சொன்னது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

இப்போது வேலை செய்கிறவள் ஒரு பெண். ரொட்டிக்கடைக்கு மேலே இரண்டு அறை வைத்திருக்கிறாள். விலையே சொல்லவில்லை. ஒரு காலை முழுக்கக் கேள்வியாகக் கேட்டாள். முகவரி யார் பெயரில் இருக்கிறது, வெப்சைட் குடியிருக்கும் இடத்துக்கு வருஷ வாடகை யார் கட்டுகிறார்கள், வேலை முடிந்ததும் எல்லாச் சாவியும் யாரிடம் இருக்கும், சின்ன மாற்றத்துக்கு எவ்வளவு, நாளைக்கு அவளே ஊரைவிட்டுப் போனால் வேறொருவர் தொடர முடியுமா? இதெல்லாம் நீங்கள் என்னைக் கேட்க வேண்டியது, கேட்கமாட்டீர்கள் என்று தெரிந்து நானே கேட்டுக்கொள்கிறேன் என்றாள். கேள்விக்காரி என்றுதான் சொல்கிறோம். அவளுக்கும் தெரியும், கோபமில்லை.

வருஷா வருஷம் யார் பணம் கட்டுகிறார்கள் என்று அவள் கேட்டபோது நானும் என் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கட்டுகிறாள் என்று நான் இருந்தேன். நான் கட்டுகிறேன் என்று அவள் இருந்தாள். கட்டுவது நீங்கள் என்று கேள்விக்காரி தேடிக் கண்டுபிடித்தாள். மூன்று வருஷமாக. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அதுதனி சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மறைத்து என்ன, அதனால்தான் மேலே அப்படி எழுதினேன். எதையும் வாயால் பேசிவைக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள் என்று கேள்விக்காரிதான் எனக்கு இந்த மின்னஞ்சலைத் தொடங்கிக் கொடுத்தாள். ஒற்றை விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறையாகவே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வைத்துப்போன ஏற்பாடுகளில் ஒன்றைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. வெப்சைட்டில் யாராவது கட்டில் கேட்டு எழுதினால் கடை போனுக்குச் செய்தி வருமே, அது இன்றும் தவறாமல் வருகிறது. முன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகக்கூட ஆகிவிட்டது. மாடிப்படி குறுகல், மடக்குக் கட்டில் அனுப்பவும் என்று வருகிறது. அந்தத் தெருவில் வண்டி நுழையாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று வருகிறது. இந்தக் காலத்து மெஷினுக்கு எவ்வளவு விஷயம் தெரிந்திருக்கிறது என்று வண்டிக்காரர் வியந்து போகிறார். போன மழைக்காலத்தில் இரண்டு நாள் மட்டும் படுத்துக்கொண்டது. பிறகு தானாகவே சரியாகிவிட்டது.

இதை அவள்தான் எழுதியிருக்க வேண்டும். நீயே எழுதும்மா என்று விட்டுவிட்டாள். அவள் சொன்ன இன்னொன்றையும் சொல்லிவிடுவது நியாயம். "முதல்ல கடைப் பேரை வாங்கிக்கலாம். அப்புறம் வக்கீலைப் பார்த்து மத்ததையும் முடிச்சுடலாம்" என்றாள். அதனால் இந்த முதல் வேலையைச் சிக்கலில்லாமல் முடித்துக் கொடுங்கள். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. மூன்றே வரி. பெயரை மாற்றுவதற்கான ரகசிய எண்ணைக் கேள்விக்காரிக்கு அனுப்பிவிட்டதாகவும், பணம் எதுவும் வேண்டாமென்றும், என்றைக்கு மாற்றுகிறோம் என்று முதல்நாளே தெரிவிக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். நான் அத்தனை பக்கம் தட்டியதற்கு நீங்கள் கோபமாக நாலு வார்த்தை எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

முதல்நாளே எதற்குத் தெரிவிக்க வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. முந்தாநாள் விளங்கியது.

கேள்விக்காரி கடைக்கு வந்திருந்தாள். புதிய வெப்சைட்டுக்கு எதெதை மாற்றிக் கட்ட வேண்டும் என்று பார்த்துக்கொண்டு வந்தவள், செய்தி எப்படி வருகிறது என்று கேட்டாள். அது தானாக வரும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் உள்ளே புகுந்து கொஞ்ச நேரம் தேடினாள். மறுபடி தேடினாள். அப்படி ஓர் இணைப்பே இதில் இல்லையே என்றாள். எப்போதோ இருந்திருக்கிறது, அறுந்து ரொம்ப நாளாகிறது என்றாள். இன்று காலைகூட வந்ததே என்று போனைக் காட்டினேன்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அவளே வாடிக்கையாளர் போல எழுதி அனுப்பினாள். ஒரு பொய்ப் பெயர், சக்கர நாற்காலி வேண்டும், வாயில் வந்த ஒரு தெருப் பெயர். மெஷின் என்றால் மூச்சு விடுவதற்குள் வந்துவிடும் என்றாள். வரவில்லை. அவள் தேநீர் குடித்து முடித்தாள். அதற்குப் பிறகு கடை போன் சத்தம் கொடுத்தது. அதில் இப்படி இருந்தது: சக்கர நாற்காலி ஒன்று, இந்தப் பெயரில் நம் ஊரில் தெரு கிடையாது, போன் செய்து உறுதி செய்துகொண்டு அனுப்பவும்.

கேள்விக்காரி அதை இரண்டு தடவை படித்தாள். "அம்மா, மெஷின் இப்படிச் சொல்லாது. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்காரு" என்றாள்.

வெப்சைட்டில் யார் எழுதினாலும் அது முதலில் உங்கள் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது என்பதையும், நீங்கள் படித்துப் பார்த்து, ஏதோ ஒரு சேவைக்குப் பணம் கட்டி, கடைப் பெயரிலேயே எங்களுக்குத் தட்டி அனுப்புகிறீர்கள் என்பதையும் அவள்தான் விளக்கிச் சொன்னாள். எந்தத் தெருவில் வண்டி நுழையாது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? இங்கே இருந்த நாட்களில் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தவருக்குத்தான் தெரியும். நானும் என் மகளும் வண்டிக்காரருமாக மூன்று வருஷம் அதைப் படித்தோம். ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. வண்டிக்காரருக்கு என் மேல்தான் வருத்தம். தான் மெஷினைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது நானாவது சொல்லியிருக்கலாமே என்கிறார், எனக்கு ஏதோ முன்பே தெரிந்தது போல.

என் மகள் அப்போது தரையில் உட்கார்ந்து ஒரு நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள். பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். சாயந்திரம் கடை சாத்தும்வரை அதே வேலை. வந்த வாடிக்கையாளர்களை நான்தான் பார்த்தேன். கடைசியில் போனை மேஜையில் வைத்துவிட்டு ஒரே ஒன்று சொன்னாள். "பாதி மெசேஜ் நமக்கு மத்தியானத்துல வந்திருக்கும்மா. அங்க அப்ப நடுராத்திரி" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எனக்குத் தெரியாமல் ஒருவர் எனக்காகச் செலவு செய்துகொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. அதுதனியாவது வாயைத் திறந்து கேட்டார். நீங்கள் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இப்படிப்பட்ட கணக்கை நான் எந்த வகையில் நேர் செய்வது? பிறகு அந்த மழைக்காலத்து இரண்டு நாள் ஞாபகம் வந்தது. பாழாய்ப் போன மெஷின் என்று கடையில் எல்லோர் காதிலும் விழும்படி திட்டினேன். அது உங்களுக்கு உடம்பு முடியாமல் போன நாட்களா? அங்கே உங்களைப் பார்த்துக்கொள்ள யாராவது இருந்தார்களா?

நம் தொழிலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டில் திரும்பி வந்தால் ஏன் வந்தது என்று கேட்க மாட்டோம். படுத்திருந்தவர் எழுந்து நடமாடுகிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்பது கொண்டுவருகிறவர் முகத்திலேயே இருக்கும். வாங்கித் துடைத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டு, முன்பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அவள் உங்களிடமிருந்து இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிய அன்றும் நான் அதையேதான் செய்தேன். பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தேன். அறையைப் பெருக்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவள் கடையில் வந்து நின்றாள். என்ன நடந்தது என்று அவளையும் கேட்கவில்லை, நீங்கள் போன் செய்தபோது உங்களையும் கேட்கவில்லை. நலம் விசாரித்துவிட்டுப் போனை அவளிடம் கொடுத்துவிடுவேன். அந்தப் போனும் நின்றுபோயிற்று. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முகவரிக்குக் கட்டினீர்கள், சரி, அது உங்கள் பெயரில் இருந்தது. அறுந்த இணைப்பைச் சரி செய்யாமல் மூன்று வருஷம் எதற்காகக் கையால் தட்டி அனுப்பினீர்கள்? உங்கள் வேலையில் இருக்கிற ஒருவருக்கு அதைச் சரி செய்ய ஒரு மணி நேரம் போதும் என்கிறாள் கேள்விக்காரி. இதற்குச் சுருக்கமாகப் பதில் எழுத வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை பெயரை மாற்றுவதாக இருக்கிறோம். முன்கூட்டியே தெரிவிக்கச் சொன்னீர்கள், தெரிவித்துவிட்டேன். அதன் பிறகு வருகிறதெல்லாம் நேராகக் கடைக்கே வந்துவிடும். நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது வழக்கத்துக்காக எழுதுவது அல்ல.

அன்புடன்,
அத்தை

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுருக்கமாக வேண்டாம் என்று சொல்லியும் ஆறு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இதற்குமேல் கறக்க முடியாது என்று தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் வந்தது காய்ச்சல் என்றும், தனியாகத்தான் இருந்தீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் புறப்பட்டு வந்த மாதத்திலேயே அந்த இணைப்பு அறுந்துவிட்டது, சரி செய்கிறவரை கையால் அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன், பிறகு சரி செய்ய மனம் வரவில்லை என்றிருந்தது. கடைசி வரியை நான் பல தடவை படித்தேன். எல்லாக் கட்டிலும் நல்லபடியாகப் போய்ச் சேர்கிறதா என்று தெரிந்துகொண்டால் அந்த வீட்டில் எல்லாம் நடக்கிறது என்று தெரிந்தது போல் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள்.

அதை மூடாமல் கணினியில் அப்படியே விட்டுவிட்டு, முதுகு வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் கடையைச் சாத்திவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் வைத்து முதல் முறையாகக் கேட்டேன். என்னதான் நடந்தது உங்களுக்குள் என்று. கடையில் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள். அங்கே நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததையும், நீங்கள் வேலையிலிருந்து களைத்து வருவதையும், கடையை நினைத்து மனசு அடித்துக்கொண்டதையும் சொன்னாள். சண்டை என்று ஒன்றும் இல்லையாம். "போறேன்னு சொன்னேம்மா. சரின்னு டிக்கெட் போட்டுக் கொடுத்தாரு. இருன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். அழவில்லை. மூன்று வருஷம் சுமந்துகொண்டிருந்ததை மேஜையில் இறக்கி வைத்தவள் போல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பெற்றவளுக்கு அதைக் கேட்க எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கும். தடுத்தால் கட்டிப்போட்டதாகிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். அது எனக்கே புரிகிறது. அவளுக்கு அதை நான் சொல்வது சரியாக இருக்காது.

வக்கீல் விஷயம். இந்த வாரம் போகிறேன் என்றாள், போகவில்லை. சக்கரங்கள் வந்து இறங்குகின்றன, ஆள் இல்லை என்று காரணம் சொன்னாள். சக்கரங்களை வண்டிக்காரரே இறக்கி வைத்துவிட்டார்.

இன்று வியாழக்கிழமை. மத்தியானம் நான் கடைக்குள் நுழைந்தபோது கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நம் வெப்சைட்டைத்தான் திறந்து வைத்திருந்தாள். வாடிக்கையாளர்கள் எழுதும் பக்கம். பெயர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. தெரு என்ற இடத்தில் நம் தெரு இருந்தது. என்ன தேவை என்ற கட்டத்தில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நானும் ஏதோ மறந்துவிட்டவள் போலத் தெருவுக்குத் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே போனபோது அனுப்பியாகிவிட்டது. அதுமுதல் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாடிக்கையாளரிடம் கட்டிலின் வாடகையை நாற்காலிக்குச் சொல்லிவிட்டாள்.

யார் எழுதினாலும் தவறாமல் கடைக்கு அனுப்பி வைக்கிறவர் நீங்கள். இதை இன்னும் அனுப்பவில்லை. அதனால் படித்துவிட்டு உங்களிடமே வைத்துக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்விக்காரியிடம் நாளைக்கு எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்போது என்றாள். மாப்பிள்ளை சொல்லட்டும் என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கு அது அதிசயம்.

நீங்கள் இரண்டு பேரும் எப்படி முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆசி இல்லை, அது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் எழுதியதைக் கடை போனுக்கு அனுப்பி விடாதீர்கள். அது எங்களுக்கு வந்தது அல்ல. நீங்களே பதில் எழுதுங்கள், மாப்பிள்ளை. அங்கே விடிகிறவரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள்,
அத்தை